ஓட்டாமல் சொன்ன தீர்ப்பு

விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கிளை மேலாளர் கேட்டுக்கொண்டார். முப்பத்தொரு வருடம் பதுளையில் வாகனம் விற்றவள் நான். விலைப்பட்டியல், லீசிங் படிவம், காப்புறுதி இதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நான் விற்ற ஒரு காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்காகத் தலைமை அலுவலகம் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதை யாராவது உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அந்தக் கடிதத்தில் உள்ளதெல்லாம் உண்மைதான். ஆனால் நடந்ததில் பாதி அதில் இல்லை.

வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த வருடங்களில் ஷோரூமில் காட்டுவதற்கு எங்களிடம் வண்டியே கிடையாது. பழைய வண்டிகளுக்கு உதிரிப்பாகம் விற்றும் சர்வீஸ் செய்தும் கிளையைத் தாக்குப்பிடிக்க வைத்தோம். இறக்குமதி திரும்பத் தொடங்கியபோது வண்டிகளின் விலை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் போயிருந்தது. மலைநாட்டுக்கு ஒரே கிளை போதும் என்ற பேச்சும் கொழும்பில் எழுந்திருந்தது. ஆறு மாத ஒப்பந்தத்தில் எங்களிடம் நான்கு பேர் வேலை செய்தார்கள். அதில் ஒருத்திதான் தர்ஷினி. இன்று உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள்.

அந்த நேரத்தில் புது மாடல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மூன்று நாள் காட்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு கதவு, இரண்டு சீட், சாம்பல் நிறம். தரையோடு தரையாக இருந்தது. கூடவே ஒரு கட்டளையும் வந்தது. கதவைத் திறக்கலாம், உள்ளே உட்காரலாம், என்ஜினை மட்டும் யாரும் இயக்கக் கூடாது. உட்காருகிறவர்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், லைசன்ஸ் இலக்கம் எழுதி ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. மூன்று நாளில் பதுளையிலிருந்து ஒரு முன்பதிவாவது வர வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஓட்டிப் பார்க்க முடியாத காரை மனிதர்கள் எப்படி எடை போடுகிறார்கள் என்பதை அப்போதுதான் நெருங்கி நின்று பார்த்தேன். பண்டாரவளையிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கதவை ஐந்து தடவை சாத்திச் சாத்திக் கேட்டார். கழுத்துப்பட்டி கட்டிய வங்கி ஊழியர் ஒருவர் தரையில் படுத்து, போன் வெளிச்சத்தில் காரின் அடிப்பாகத்தைக் கால் மணி நேரம் ஆராய்ந்தார். ஒரு கல்லூரி மாணவி முன்விளக்குகளையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பழைய மாடலின் முகத்தில் கோபம் இருந்ததாம், இதன் முகத்தில் தூக்கம் இருக்கிறதாம். திரீவீலர் ஓட்டுகிற ஒருவர் வேறு எதையும் பார்க்கவில்லை. நேரே டயரிடம் போய்க் குனிந்து அளவைப் படித்துவிட்டு, இந்த சைஸ் டயர் பதுளையில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

வந்தவர்களில் பெரும்பாலோர் வரும் முன்பே தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் வந்தார்கள். பழைய மாடலில் பெரிய என்ஜின், இதில் சின்ன என்ஜினும் பேட்டரியும். கியர் மாற்றுவதற்குக் கைப்பிடி இல்லை. காதில் விழும் சத்தம்கூட ஸ்பீக்கரில் இருந்து வருகிறதாம். இதையெல்லாம் போனில் பார்த்திருந்தார்கள். பேசிப் பேசிப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெரிந்தது. ஆசிரியர் முன்பு வைத்திருந்த வேனின் கதவு ஓடும்போதே திறந்துகொண்டதாம். வங்கி ஊழியரின் காருக்கு அடியில் துருப்பிடித்திருந்ததை விற்றவர் மறைத்துவிட்டாராம். ஒவ்வொருவரையும் ஒரு வண்டி முன்பு எங்கே ஏமாற்றியதோ அங்கேதான் அவர் முதலில் கை வைத்தார். வாடிக்கையாளர் முதலில் எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். அவரிடம் பத்துக் கேள்வி கேட்டு அறிய வேண்டியது அதிலேயே தெரிந்துவிடும்.

வாங்கக்கூடிய ஆள் என்று உண்மையில் ஒருவர்தான் இருந்தார். கடை வீதியில் மூன்று தலைமுறையாக இரும்புக்கடை நடத்தும் குடும்பத்தின் இளைய வாரிசு. ஊரில் எல்லோரும் அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையாகப் பேசுவார், ஆனால் எந்த முடிவையும் தனியாக எடுக்க மாட்டார். முதல் நாளே வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விலையைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்து, "எல்லாம் புடிச்சிருக்குங்க மிஸ். மலைப்பாதை வந்து பாத்துட்டு என்ன சொல்றார்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

மலைப்பாதை என்பது ஓர் ஆளின் புனைபெயர். ஊவாவிலும் நுவரெலியாவிலும் இருக்கிற கார்ப் பிரியர்கள் சில ஆயிரம் பேர் சேர்ந்து இணையத்தில் தமிழில் ஒரு குழு நடத்தினார்கள். அதில் மலைப்பாதை எழுதுவதற்கு ஒரு தனி மதிப்பு. மற்றவர்கள் குதிரை வலுவையும் வேகத்தையும் வைத்துச் சண்டை போடும்போது, இவர் இந்த வண்டி எல்ல ஊர் ஏற்றத்தில் எப்படி மூச்சு வாங்கும், பெரகல இறக்கத்தில் பிரேக் எவ்வளவு சூடாகும் என்று எழுதுவார். அவரை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. பந்தயங்களில் ஓட்டியவர் என்று சிலர் சொன்னார்கள். கண்டியில் ஒரு பெரிய டாக்டர் என்று சிலர்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு சின்னப் பை. தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் கிளாக்கராக இருப்பதாகவும், பெயர் செல்வராஜ் என்றும் சொன்னார். குரலைத் தாழ்த்தி, குழுவில் மலைப்பாதை என்று எழுதுவது தான்தான் என்றார். இருபது நிமிடம் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

நான் படிவத்தைக் கொடுத்தேன். எழுதிக்கொண்டே வந்தவர் லைசன்ஸ் இலக்கம் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இதுல எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்க மிஸ்."

கொண்டு வர மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எடுத்ததே இல்லைங்க. பதினேழு வயசுல வலிப்பு வந்துச்சு. இப்பவும் மாத்திரையிலதான் இருக்கேன். வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு நாள்கூட ஓட்டினதில்ல." பிறகு, "அங்க இருக்கிறவங்க யாருக்கும் இது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் மிஸ்" என்றார்.

நான் சரி என்றேன். உட்காருவதற்கு மட்டும்தானே, பரவாயில்லை என்று அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த இருபது நிமிடம் அவர் செய்ததை என் அனுபவத்தில் வேறு யாரும் செய்து பார்த்ததில்லை. கதவைத் தட்டவில்லை. விளக்கைப் பார்க்கவில்லை. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, முதுகுப் பலகையைச் சரிசெய்து, ஓட்டுகிறவரைப் போலவே உட்கார்ந்தார். பிறகு என்னை அழைத்து, ஷோரூமின் வலப்பக்கச் சுவரிலிருந்து காரின் முன்பக்கத்தை நோக்கி மெதுவாக நடந்து வரச் சொன்னார். நான் நடந்தேன். நில்லுங்கள் என்றார். இன்னும் நாலு எட்டு வையுங்கள் என்றார். மறுபடி திரும்பிப் போய் நடக்கச் சொன்னார். பைக்குள்ளிருந்து மடக்கு அளவுகோல் ஒன்றை எடுத்து, முன்கண்ணாடியின் வலப்பக்க ஓரத்தில் கூரையைத் தாங்குகிற தூணின் அகலத்தை அளந்து ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அப்புறம் என்னை உட்காரச் சொல்லி, அவர் நடந்தார். சுவரிலிருந்து வந்துகொண்டிருந்த மனிதர் அந்தத் தூணுக்குப் பின்னால் போனார். காணாமல் போனார். நான்கு எட்டு கழித்துத்தான் மறுபக்கம் வந்தார்.

கார் நன்றாகச் செய்த கார் என்று அவர் சொன்னார். என்ஜினைப் பற்றிய கூச்சல் வீண் கூச்சல், சின்ன என்ஜின் என்றாலும் எடை குறைவு, ஏற்றத்தில் பேட்டரி கைகொடுக்கும் என்றார். தெமோதரை ரயில் கடவையில் அடி உரசும் என்று நினைப்பதாகவும் சொன்னார். அவருடைய கவலை எல்லாம் அந்தத் தூணைப் பற்றியே இருந்தது. அழகுக்காக அதை அதிகமாகச் சாய்த்திருக்கிறார்கள், கூரை விழாமல் இருக்க அகலமாக்கியிருக்கிறார்கள். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. வலப்பக்கம் வளைகிற மலை ரோட்டில் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டிய இடம் சரியாக அந்தத் தூணுக்குப் பின்னால்தான் விழும். கார் திரும்புகிற வேகமும் ஆள் நடக்கிற வேகமும் ஒத்துப்போனால், அந்த ஆள் கடைசிவரை தூணுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருப்பார்.

இது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"இருபது வருசம் கொழுந்து லொறியில டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல போயிருக்கேங்க. ரோட்டப் பாக்க எனக்கு வேலை இல்ல. டிரைவரோட கழுத்தத்தான் பாப்பேன். நல்ல டிரைவர் வளைவுக்கு வளைவு தலைய முன்னால கொண்டு போய் எட்டிப் பாப்பாரு. இந்த சீட்டுல அப்படி எட்ட முடியாது, அவ்வளவு சாஞ்சு உட்கார வைக்குது. நிறுக்கிற மடுவத்துல கொழுந்தப் போட்டுட்டு நம்ம ஆளுங்க ரோட்டோரமாத்தான் வீட்டுக்கு நடக்கிறாங்க."

அவர் சொல்லி முடிக்கவும் சின்ன முதலாளி உள்ளே வரவும் சரியாக இருந்தது. குழுவைச் சேர்ந்த இரண்டு நண்பர்களும் கூட வந்தார்கள். மலைப்பாதை இவர்தான் என்று அறிந்ததும் சின்ன முதலாளி அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செல்வராஜ் என்னிடம் சொன்னதை அவரிடமும் ஒழுங்காகச் சொன்னார். காரைத் திட்டவில்லை. வேறு ஊருக்கு இது நல்ல கார், இந்த ரோட்டுக்கு யோசியுங்கள் என்றுதான் சொன்னார்.

சின்ன முதலாளியின் முகம் இறங்கிப்போனது. நண்பர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தர்ஷினியும் மற்ற மூவரும் வேலை செய்வதுபோலக் குனிந்துகொண்டு எங்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நண்பர்களில் ஒருவர், இந்த மாதிரித் தூண் உள்ள காரை எந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று செல்வராஜிடம் கேட்டார். செல்வராஜ் பதில் சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

நான் சொன்னேன்.

"அவர்கிட்ட லைசன்ஸே இல்லைங்க."

படிவம் என் கையில் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. ஒரு தகவலைப் போலத்தான் சொன்னேன். வலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிற்பாடு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டதும் உண்டு.

நண்பர்களில் ஒருவர் சிரித்தார். மற்றவர், "அப்ப இத்தனை வருசமா எங்களுக்கு எழுதினதெல்லாம்?" என்று கேட்டார். செல்வராஜ் அளவுகோலை மடக்கிப் பைக்குள் வைத்தார். நோட்டையும் வைத்தார். சின்ன முதலாளியைப் பார்த்து, "ஓட்டினேன்னு நான் எங்கயும் எழுதலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். என்னைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குச் சின்ன முதலாளி கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை நான் வீட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது, அந்த இடத்தில் சின்ன முதலாளியிடம் நான் சொல்லியிருக்கக்கூடிய வேறு ஒரு வாக்கியம் தோன்றியது. "நீங்களே உட்கார்ந்து பாருங்க, நான் நடக்கிறேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாங்குவதும் வாங்காமல் விடுவதும் அவர் பாடு. நெருக்கடியில் முதலில் கைக்கு வருகிற வாக்கியம் பெரும்பாலும் நம் மேசையைக் காப்பாற்றுகிற வாக்கியமாகத்தான் இருக்கும். இன்னொன்று இருக்கும். அது வர ஒரு மூச்சு நேரம் கூடுதலாக ஆகும். நான் அந்த ஒரு மூச்சு காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை தர்ஷினி என்னிடம், "ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். உங்கள் நான்கு பேருக்காகத்தான் என்றேன். அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டாள். அந்தப் பதிலும் எனக்குச் சுலபமாகக் கைக்கு வந்ததுதான்.

குழுவில் அன்றே எல்லாம் வந்துவிட்டது. வண்டியே ஓட்டத் தெரியாதவன் நமக்கு வண்டி சொல்லித் தந்தான் என்று எழுதினார்கள். எழுதியவர்களில் அந்தக் காரை ஓட்டியவர் ஒருவர்கூட இல்லை. அது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு நாளில் மலைப்பாதை என்ற கணக்கு மூடப்பட்டது. அதற்கு முன் அவர் எழுதியிருந்த பழைய பதிவுகளை நான் உட்கார்ந்து படித்துப் பார்த்திருந்தேன். ஓட்டினேன் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. 'பக்கத்தில் உட்கார்ந்து போனபோது' என்றுதான் எல்லா இடத்திலும் இருந்தது. படித்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

பாராட்டுக் கடிதம் வந்தது. கிளையை மூடும் பேச்சு அடங்கியது. இரண்டு மாதத்தில் காரும் வந்து சேர்ந்தது.

கார் கிடைத்து மூன்றாவது வாரம் சின்ன முதலாளி ஷோரூமுக்கு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். நெற்றியில் ஒரு சின்னக் கட்டு. பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறும்போது, வலப்பக்க வளைவு ஒன்றில், மாலை நாலரை மணிக்கு, விறகுக் கட்டோடு ரோட்டைக் கடந்த ஓர் அம்மாவைத் தான் பார்க்கவே இல்லை என்றார். தூணுக்குப் பின்னாலிருந்து திடீரென்று முளைத்ததுபோல முன்னால் நின்றாராம். இடப்பக்கம் ஒடித்து ரோட்டோரக் கானுக்குள் இறக்கிவிட்டார். கார் அந்த அம்மாவின் மேல் படவில்லை. அந்த அம்மா பயத்தில் விழுந்து, விறகுக் கட்டு மேலே விழுந்து, மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது இவர்தான். திரும்பக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டதும் இவர்தான். வேகமாகப் போகவில்லை என்றார். நான் நம்பினேன். போலீசும் நம்பியது.

"அவர் சொன்ன தூண்தாங்க மிஸ்" என்றார். "அவரப் பாக்கணும். நீங்களும் வாங்க. தனியாப் போக எனக்கு முகமில்ல."

எனக்கு மட்டும் இருந்ததா?

கார் திருத்தி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்தக் காரில் ஏற எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லி முன்னதாகவே கிளம்பி, தோட்டத்து ரோடு பிரிகிற இடத்தில் அவருக்காக நின்றேன். தொழிற்சாலைக்கு மேலே கிளாக்கர்மார் குவாட்டர்ஸ் வரிசையில் இரண்டாவது வீடு. செல்வராஜ் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே வரச் சொன்னார்.

சின்ன முதலாளி சுற்றி வளைக்கவில்லை. "நீங்க சொன்னது நடந்துருச்சு அண்ணே" என்றார்.

"யாருக்கு அடி?" என்று கேட்டார் செல்வராஜ்.

அந்த அம்மா எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு, கை இப்போது எப்படி இருக்கிறது, வேலைக்குப் போகாத நாட்களுக்கு வீட்டில் என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்த பிறகுதான் காரைப் பற்றிக் கேட்டார். கேட்டபடியே எழுந்து வெளியே நின்ற காரிடம் போனார். சின்ன முதலாளியை ஓட்டும் சீட்டில் உட்கார வைத்து, கதவுப் பக்கம் குந்தி அமர்ந்து அவருடைய கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். சீட்டை உயர்த்தச் சொன்னார். முதுகுப் பலகையை நிமிர்த்தச் சொன்னார். பிறகு இடப்பக்கச் சீட்டில் தானே ஏறிக்கொண்டு, எல்ல ஊர்வரை போய் வருவோம் என்றார். ஓடுகிற நிலையில் அந்தக் காருக்குள் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. நான் அவருடைய மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். தேநீர் தந்தார். என் வேலையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு கட்டத்தில் சாதாரணமாக, "முன்னெல்லாம் வேலை முடிஞ்சு வந்ததும் போனத் தூக்கிட்டு எழுத உட்கார்ந்துருவாரு. சாப்பிடக் கூப்பிட்டா கேக்காது. இப்ப கூப்பிட்ட உடனே வந்துர்றாரு" என்றார். குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் கொஞ்சம் தெளிவு இருந்தது. வளைவுக்கு முன்னால் உடம்பை நிமிர்த்தித் தலையை முன்னால் கொண்டுபோகச் சொல்லி, ஒவ்வொரு வளைவுக்கும் 'இப்ப' என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். போகிற வழியெல்லாம் அப்படித்தான். ரயில் கடவையில் அடி உரசவில்லை, அந்தக் கணிப்பில் தான் தோற்றுவிட்டதாகச் செல்வராஜே சொன்னார். செல்வராஜ் குழுவில் திரும்ப எழுத வேண்டும் என்றும், நடந்ததைத் தான் முதலில் எழுதி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வைப்பதாகவும் சின்ன முதலாளி சொன்னார். பார்க்கலாம் என்றார் அவர்.

செல்வராஜ் இன்று வரை எழுதவில்லை. சின்ன முதலாளி தான் சொன்னபடி எழுதினார். சிலர் வருத்தம் தெரிவித்தார்கள். ஒரு வாரத்தில் வேறு புது மாடலின் படங்கள் வந்துவிட்டன, எல்லோரும் அதன் என்ஜினைப் பற்றிச் சண்டை போடப் போய்விட்டார்கள். அந்த அம்மாவின் கை கூடிவிட்டது. மழை நாளில் வலிக்கிறது என்கிறார். சின்ன முதலாளி அந்தக் காரைத்தான் இன்னும் ஓட்டுகிறார். தூணைப் பற்றி நான் கொழும்புக்கு எழுதினேன், கிடைத்தது என்று பதில் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சின்ன முதலாளி வாங்காமல் இருந்திருப்பாரா, தெரியாது. வாங்கியிருந்தாலும் சீட்டை உயர்த்திக்கொண்டு ஓட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அதே சமயம் அந்த ஒரு கையெழுத்து இல்லையென்றால் இந்தக் கிளை இருந்திருக்காது, நீங்கள் உட்கார்ந்திருக்கிற மேசைகளும் இருந்திருக்காது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இதுவும் அந்தப் பாராட்டுக் கடிதம் போலாகிவிடும். இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துப் பார்க்க நான் முயன்றேன். கழியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது செல்வராஜ் என்னோடு பஸ் நிற்கும் இடம் வரை நடந்து வந்தார். ரோட்டுக்கு வந்ததும் நான் நின்று, நான் செய்தது பெரிய தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொல்வதற்காக வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருந்த மற்ற வார்த்தைகள் வரவில்லை.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பொய் சொல்லியிருந்தா நான் அங்கயே நின்னு பதில் பேசியிருப்பேங்க மிஸ்" என்றார். "உண்மையத்தான சொன்னீங்க. அதான் ஒண்ணும் பேச முடியாமப் போயிருச்சு."

பதுளை பஸ் வந்தது. அவர்தான் கை நீட்டி நிறுத்தினார். நான் ஏறி உட்கார்ந்து பஸ் கிளம்பும் வரை அங்கேயே நின்றார்.